எதை முதலில், எதைப் பிறகு: குழந்தைகளின் கட்டியைக் கண்டறியும் வழியில் கற்றவை

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்க் கட்டியில் ஒரு பரிசோதனையை முன்னே பின்னே செய்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்கள்தான் வீணாகும். குழந்தைகளின் கட்டியில் அப்படியல்ல. வரிசை தவறினால் கண்ணுக்குள் அடங்கியிருந்த நோய் வெளியே பரவும், முதல் நிலையில் இருந்த சிறுநீரகக் கட்டி மூன்றாம் நிலைக்குத் தள்ளப்படும், நிணநீர்க் கட்டி இரண்டு நாளில் கரைந்துபோய் நோயின் பெயரே தெரியாமல் நிற்கும். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களாக நாங்கள் அடிக்கடி பார்ப்பதும் இதைத்தான். கருவி இல்லாமல் தவறுவது ஒரு பங்கு என்றால், இருக்கும் கருவியையும் மருந்தையும் முறை மாற்றிக் கையாண்டதால் தவறுவது இன்னொரு பங்கு. இரண்டாவதை நம்மால் இன்றே குறைக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறோம். பெற்றோர், ஊர் மருத்துவர், லேப் ஊழியர் என மூவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 19 வயது வரையிலான சுமார் 4 லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள். வசதி குறைந்த பல நாடுகளில் 30 விழுக்காடுகூட இல்லை. 2030-க்குள் உலகம் முழுவதும் குறைந்தது 60 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று 2018-இல் அந்த நிறுவனம் இலக்கு வைத்தது. இடைவெளிக்கு அது சொல்லும் காரணங்களில் முன்னால் நிற்பவை, நோயைக் கண்டுபிடிக்காமலே விடுவதும் தவறாகவோ தாமதமாகவோ கண்டுபிடிப்பதும். மருந்து அதற்குப் பிறகுதான் வருகிறது.

குழந்தைகளின் கட்டிகளில் பல, கருவில் உறுப்புகள் உருவான காலத்துச் செல்கள் முதிராமல் நின்று பெருகுவதால் வருபவை. அம்மா எதைச் சாப்பிட்டாள், குழந்தை எதைச் சாப்பிட்டது என்று தேட வேண்டியதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி பல வீடுகளைத் தின்கிறது. இவை வேகமாக வளரும். அதே வேகத்தால்தான் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுகின்றன.

கண்

விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா பெரும்பாலும் 5 வயதுக்குள் தெரிந்துவிடும். முதல் அடையாளம், கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு மினுக்கம். ‘பூனைக் கண் மாதிரி இருக்கிறது’ என்றுதான் தாய்மார்கள் சொல்வார்கள். இரண்டாவது அடையாளம் மாறுகண். ‘மாறுகண் அதிர்ஷ்டம்’ என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பிறந்து மூன்று மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் ஒரு கண் நிலையாக விலகியே இருந்தால், கண்ணில் மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணாடி போட்டுப் பார்க்கலாம் என்று அனுப்பிவிடக் கூடாது.

பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் தெரிந்தால் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். கண்புரையிலும் வேறு சில விழித்திரை நோய்களிலும்கூட வெள்ளை தெரியும். குழந்தை சற்றுப் பக்கவாட்டில் பார்க்கும்போது பார்வை நரம்பின் முனையில் ஒளி பட்டும் தெரியும். ஆகவே ஒரு படம் தீர்ப்பாகாது. ஆனால் மருத்துவரிடம் போக ஒரு படமே போதும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் வந்த பிறகு, குடும்பப் படங்களில் வெள்ளை மினுக்கத்தைத் தேடும் செயலியைத் தன் குழுவினருடன் உருவாக்கினார். 2019-இல் வெளியான அவர்கள் ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் பழைய படங்களில், மருத்துவர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 ஆண்டு முன்பே அந்த மினுக்கம் பதிவாகியிருந்தது. படம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

ஊர் மருத்துவர் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. அறையை மங்கலாக்கி, குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, ஆப்தால்மாஸ்கோப் என்ற கண் பார்க்கும் கைக்கருவியின் லென்ஸை சுழியத்தில் வைத்து, சுமார் அரை மீட்டர் தூரத்தில் இருந்து இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் ஒளி விழும்படி பார்க்க வேண்டும். நிறமும் வெளிச்சமும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. நம் குழந்தைகளின் கருங்கண்ணில் பாடநூலில் போட்டிருக்கும் பளிச்சென்ற சிவப்பு தெரியாது. மங்கிய ஆரஞ்சாக இருக்கும். சந்தேகம் வந்தால் அம்மாவின் கண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம்.

இனி வரிசைக்கு வருவோம். மயக்கம் கொடுத்து இரண்டு கண்களின் விழித்திரையையும் முழுதாகப் பார்ப்பது முதலில். அடுத்து பி-ஸ்கேன், அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட். கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதில் வெள்ளையாகத் தெரியும், கிட்டத்தட்ட முத்திரை குத்தியது போல. மூன்றாவது எம்.ஆர்.ஐ.; பார்வை நரம்புக்குள் போயிருக்கிறதா, மூளையின் பீனியல் பகுதியில் ஏதும் இருக்கிறதா என்பதற்கு. சி.டி. ஸ்கேனைத் தவிர்க்கிறோம். இந்த நோய் மரபணு வழியாக வந்த குழந்தைக்குக் கதிர்வீச்சு பின்னாளில் வேறு புற்றுநோயைக் கொண்டுவரலாம். பயாப்ஸி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது, இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. கண்ணுக்குள் ஊசி போனால் அந்தப் பாதையிலேயே செல்கள் வெளியே வரும்.

ஆபத்து எங்கே என்றால், வேறு நோயின் வேடத்தில் இது வரும்போதுதான். கண்ணுக்குள் காரணமில்லாத ரத்தக் கசிவு, கலங்கல், அழற்சி, முற்றிய கண்புரை. இவற்றில் எதுவானாலும் உள்ளே விழித்திரை தெரியவில்லையென்றால் பி-ஸ்கேன் எடுக்காமல் குழந்தையின் கண்ணைக் கத்தியால் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மீறியதால் கண்ணோடு முடிந்திருக்க வேண்டியது உயிர்வரை போவதுண்டு.

கண்ணை எடுக்க நேர்ந்தால் லேப் மேசையிலும் வரிசை இருக்கிறது. கண்ணைத் திறப்பதற்கு முன்பே பார்வை நரம்பின் வெட்டுமுனையைத் தனியாக நறுக்கி எடுத்துத் தனிப் புட்டியில் போட வேண்டும். முதலில் கண்ணைத் திறந்து, அதே கத்தியால் நரம்பை நறுக்கினால், கட்டியின் செல்கள் கத்தியோடு போய் நரம்பில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லைடில் பார்ப்பவருக்கு நரம்பின் முனைவரை நோய் பரவியதுபோலத் தோன்றும். அந்தப் பொய்த் தோற்றத்துக்காகக் குழந்தை கூடுதல் கீமோவும் கதிர்வீச்சும் வாங்கும். மரபணுச் சோதனைக்கான புதிய சதையை நரம்பு முனை பத்திரமான பிறகே எடுக்க வேண்டும்.

மரபணுச் சோதனைக்கும் இப்படித்தான். இரண்டு கண்ணிலும் நோய் என்றால் ரத்தத்திலேயே ஆர்.பி.1 மரபணுவின் பிழையைத் தேடலாம். ஒரு கண்ணில் மட்டும் என்றால் கட்டியில் உள்ள பிழைகள் எவை என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு அவை ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது நிச்சயமானது. ஒரு கண் நோயிலும் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது பரம்பரை வகையாக இருக்கும். கட்டியின் சதையைச் சேமிக்காமல் விட்டால் இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் கிடைப்பது கடினம்.

பயாப்ஸி கூடாத இந்த நோயில் 2017-இல் லாஸ் ஏஞ்சலீஸ் குழு ஒரு வழி காட்டியது. கண்ணுக்குள் கீமோ மருந்து செலுத்துவதற்கு முன் அழுத்தத்தைக் குறைக்க முன்பக்க நீரில் ஏறத்தாழ 0.1 மில்லி எடுப்பார்கள். வழக்கமாக அதைக் கொட்டிவிடுவது உண்டு. அந்தத் துளியில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று காட்டினார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்பதைக் கணிக்க இப்போது அது உதவத் தொடங்கியிருக்கிறது. ஆனால் கட்டியைத் தொடாமல் நீரை எடுக்கப் பழகிய கைகள் வேண்டும். எல்லா இடத்திலும் செய்கிற வேலையல்ல.

வயிறு

வயிற்றுக் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் குளிப்பாட்டும் கைதான். நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியைவிட அந்த வயிற்றை நன்றாக அறிந்தவர் கிடையாது. அவர் ‘ஏதோ கல் மாதிரி தட்டுப்படுகிறது’ என்றால் நம்புங்கள். ஆனால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சிறுநீரகக் கட்டியின் உறை மெல்லியது, அழுத்தத்தில் வெடிக்கும். மருத்துவமனையிலும் இதுவே விதி. ஒருவர் தொட்டுப் பார்த்தால் போதும். பயிற்சி மாணவர்கள் பத்துப் பேர் வரிசையாக அழுத்திப் பார்க்கக் கூடாது.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். கட்டி சிறுநீரகத்திலிருந்து வந்ததா, அதற்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிப் பக்கமா, கல்லீரலா, பெரிய ரத்தக்குழாய்க்குள் உறைகட்டி போயிருக்கிறதா என்று அது சொல்லும். கூடவே ரத்த அழுத்தம் பாருங்கள், குழந்தையின் கைக்குப் பொருந்தும் பட்டையால். பெரியவர் பட்டையைச் சுற்றினால் அளவு குறைவாகக் காட்டும், உயர் ரத்த அழுத்தம் மறைந்துபோகும்.

வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டியில் குழந்தை பெரும்பாலும் விளையாடிக்கொண்டே இருக்கும், வயிறு மட்டும் பெரிதாகும். நியூரோபிளாஸ்டோமா என்ற முதிராத நரம்புச் செல்களின் கட்டியில் பெரும்பாலும் குழந்தை வாடிப்போய், காய்ச்சலும் கால்வலியுமாக, நடக்க மறுத்து வரும். அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போயிருந்தால் உடனே வயிற்றை ஸ்கேன் செய்யுங்கள். கீழே விழுந்திருக்கும் என்று விட்டுவிடுகிற அடையாளம் அது.

வில்ம்ஸ் போலத் தெளிவாக இருந்தால் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் வேரூன்றிய முறையில், 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஸ்கேனை நம்பி வின்கிறிஸ்டினும் ஆக்டினோமைசினும் 4 வாரம் கொடுத்து, சுருங்கிய பிறகு அறுவை செய்வார்கள். வட அமெரிக்க முறையில் முடிந்தவரை முதலிலேயே அறுவை. அங்கே, எடுப்பதற்கு முன் ஊசி பட்டாலே கட்டி மூன்றாம் நிலையாகக் கணக்கிடப்படும். எந்த முறையானாலும், வயிற்றின் முன்புறமாக ஊசி போட்டு ‘சும்மா ஒரு எஃப்.என்.ஏ.சி.’ (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை) எடுப்பது எதிலும் சேராது. வயதோ ஸ்கேனோ பொருந்தாதபோது மட்டும், முதுகுப்புறமாக ஊசியைச் செலுத்துவது முறை.

நியூரோபிளாஸ்டோமா சந்தேகம் என்றால் சிகிச்சை தொடங்கும் முன் செய்ய வேண்டியவை பல. சிறுநீரில் வி.எம்.ஏ., எச்.வி.ஏ. என்ற, இந்தக் கட்டியால் கூடும் கழிவுப் பொருட்களின் அளவு, ஒருமுறை பிடித்த சிறுநீரே போதும், கிரியாட்டினினோடு சேர்த்துக் கணக்கிடலாம். எலும்பு மஜ்ஜை இடுப்பின் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் தவறவிடுவோம். அடுத்து எம்.ஐ.பி.ஜி. ஸ்கேன், அதாவது கட்டி உறிஞ்சிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் படம். இதற்குச் சில நாள் முன்பு குழந்தைக்கு என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பது மிக முக்கியம். மூக்கடைப்புக்குத் தரும் சளி சிரப்பும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் லேபெட்டலாலும் கட்டிக்குள் மருந்து போகவிடாமல் தடுக்கும். ஸ்கேன் சுத்தமாகத் தெரியும், நோய் உள்ளே இருக்கும். தைராய்டைக் காக்க அயோடின் துளி கொடுக்கவும் மறக்கக் கூடாது. பத்தில் ஒரு குழந்தைக்கு இந்தக் கட்டி எம்.ஐ.பி.ஜி.யை ஏற்காது, அவர்களுக்கு பெட் ஸ்கேன்.

கல்லீரல் கட்டியில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை அளக்கும் ரத்தச் சோதனை. இங்கே வயதைப் பார்க்காமல் எண்ணைப் படிப்பதுதான் வழக்கமான தவறு. பிறந்த குழந்தைக்குச் சராசரியாக 50,000 நானோகிராம் அளவை ஒட்டி இருப்பதே இயல்பு. 8 மாத வாக்கில்தான் பெரியவர்களின் அளவுக்கு, அதாவது 10-ஐ ஒட்டி இறங்கும். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகும் ‘இயல்பு அளவு’ பெரியவர்களுடையது. இரண்டு மாதக் குழந்தைக்கு அதை வைத்துப் பயமுறுத்தவும் கூடாது, இரண்டு வயதுக் குழந்தைக்கு 5 லட்சம் இருக்கும்போது தள்ளிப்போடவும் கூடாது.

சிறுநீரிலேயே கண்டுபிடிக்கலாம் என்றால் எல்லாக் குழந்தைக்கும் ஏன் செய்யக் கூடாது? ஜப்பான் செய்து பார்த்தது. 1980களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் 6 மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நிறையக் கட்டிகள் கிடைத்தன. ஆனால் அவற்றில் பெரும்பங்கு தானாகவே வற்றிப்போயிருக்கக் கூடியவை. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002-இல் வெளியாயின. இந்தச் சோதனையால் இறப்பு குறையவில்லை என்று இரண்டும் சொல்லின. ஜப்பானும் அடுத்த ஓரிரு ஆண்டில் நிறுத்திக்கொண்டது. தேவையில்லாத அறுவையும் கீமோவும் வாங்கிய குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பது என்றால் அறிகுறி வந்த குழந்தையைச் சீக்கிரம் பார்ப்பது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

தலை

காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, வாந்தி எடுத்ததும் கொஞ்சம் தெளிவு. இது வயிற்றுக் கோளாறாகவே பார்க்கப்படுகிறது. பூச்சி மருந்து, அல்சர் மருந்து, சில சமயம் எண்டோஸ்கோப்பிவரை. இரண்டு வாரம் தாண்டிய வாந்திக்கு, வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இல்லாதபோது, தலையை நினைக்க வேண்டும். நடை தள்ளாடுதல், புதிதாக வந்த மாறுகண், கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெரிதாதல், அடங்காத தாகமும் சிறுநீரும், திடீரென நின்றுபோன வளர்ச்சி, எல்லாம் இதே கணக்கு. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால் நம் ஊரில் ‘உரம் விழுந்துவிட்டது’ என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். பின்மூளைக் கட்டியும் கழுத்தை அப்படித்தான் சாய்க்கும். உருட்டாதீர்கள்.

பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய ஹெட்ஸ்மார்ட் இயக்கம் இந்த அறிகுறிகளை வயதுவாரியாக ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தது. அதற்கு முன்பு, அறிகுறி தொடங்கி நோய் தெரிய நடுமதிப்பாக 14.4 வாரம் ஆனது. 2013-இல் அது 6.7 வாரமாக இறங்கியது. புது இயந்திரம் எதையும் வாங்கவில்லை. தமிழில் அப்படி ஓர் அட்டை ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும் தொங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

வரிசை: ஸ்கேனுக்கு முன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கூடாது, மூளைக்குள் அழுத்தம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தலை எம்.ஆர்.ஐ.யோடு முதுகுத்தண்டு முழுவதையும் அறுவைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் அறுவையில் வடிந்த ரத்தம் பரவிய கட்டிபோலத் தோன்றிக் குழப்பும். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. அறுவைக்குப் பின் 72 மணி நேரத்துக்குள். முதுகு நீர்ச் சோதனை மட்டும் இரண்டு வாரம் பொறுத்து.

கழுத்து, மார்பு, எலும்பு

காசநோய் நம்மிடம் அதிகம். அதனால் கழுத்தில் நெறி கட்டினால் காசநோய் மருந்து தொடங்கிவிடும் பழக்கமும் அதிகம். 2 செ.மீ.க்கு மேல், வலியில்லாமல், ரப்பர்போல, காறை எலும்புக்கு மேலே இருந்தால் சதைச் சோதனை இல்லாமல் மருந்து தொடங்க வேண்டாம். இங்கே ஊசி எஃப்.என்.ஏ.சி. போதாது. முழு நெறியையும் எடுக்க வேண்டும், எடுக்கச் சுலபமானதை விட்டு, பெரியதை. எடுத்ததும் பாதியை ஃபார்மலினில் (சதை அழுகாமல் காக்கும் திரவம்), பாதியை சலைனில் (உப்புநீர்). ஃபார்மலினில் போட்டதில் காசநோய்க் கிருமி வளராது. முழுதையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு மறுநாள் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்குச் சதை கேட்கும் நிலை வரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான எச்சரிக்கை ஸ்டீராய்டு. பெரிய குழந்தைக்கு முதன்முறையாக வீசிங் வந்து, படுத்தால் மூச்சுத் திணறி, முகமும் வீங்கியிருந்தால், ஸ்டீராய்டு போடும் முன் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுங்கள். மார்புக்குள் நிணநீர்க் கட்டி இருந்தால் ஸ்டீராய்டு அதை இரண்டு மூன்று நாளில் கரைத்துவிடும். குழந்தை தேறியதுபோல வீட்டுக்குப் போகும். சில வாரத்தில் பெரிதாகத் திரும்பி வரும். நடுவே எடுக்கும் சதையில் இறந்த செல்களே இருக்கும். அதே எக்ஸ்ரே மயக்க மருந்துக்கு முன்பும் அவசியம். மார்பில் பெரிய கட்டியோடு மல்லாந்து படுக்க வைத்து மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் நசுங்கும். அப்போது குறைந்த ஆபத்துள்ள இடத்திலிருந்து விடை தேட வேண்டும்: முதலில் ரத்த ஸ்மியர், பிறகு நெஞ்சு நீர், பிறகு மஜ்ஜை, கடைசியாக நெறி, அதுவும் முடிந்தால் அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து.

கால்வலியில், வளரும் வலி இரண்டு காலிலும் மாலையில் வரும், காலையில் குழந்தை ஓடும். ஒரே இடத்தில், இரவில் எழுப்பும் வலி, வீக்கம், நொண்டல் என்றால் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே. அதற்கு முன் சுளுக்கு வழிப்பதும் நாட்டுக் கட்டுப் போடுவதும் கெடுதல். பயாப்ஸியை எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு, காலைக் காப்பாற்றும் அறுவையைச் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே எடுப்பது நல்லது. ஊசி போன பாதையையும் பின்னர் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும், ஆகவே பாதையை வகுப்பவரும் வெட்டுபவரும் ஒருவராக இருக்க வேண்டும்.

சதைத் துண்டின் பயணம்

எடுத்த துண்டு மைக்ரோஸ்கோப்புக்கு வருவதற்குள் கெட்டுப்போவது எத்தனை முறை என்பதை வெளியில் யாரும் பேசுவதில்லை. கடையில் வாங்கும் ஃபார்மலின் 37 முதல் 40 விழுக்காடு செறிவு கொண்டது. அதை அப்படியே ஊற்றினால் துண்டின் வெளிப்புறம் தோலாக இறுகி, உள்ளே அழுகும். 100 மில்லி ஃபார்மலினுக்கு 900 மில்லி நீர். அதில் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். இந்த உப்புகள் இல்லாவிட்டால் நாளடைவில் ஃபார்மிக் அமிலம் உண்டாகி டி.என்.ஏ.வைச் சிதைக்கும். துண்டின் அளவைப்போல 10 மடங்கு திரவம், அகன்ற வாய்ப் புட்டி. ஊசித் துண்டுக்கு ஓர் இரவு ஊறினால் போதும். பஸ் பார்சலில் ஒரு வாரம் ஊறிய துண்டில் மரபணுச் சோதனை பெரும்பாலும் தோற்கும்.

எலும்புத் துண்டை மென்மையாக்க வலிமையான அமிலத்தில் போட்டால் மரபணு அழியும். இ.டி.டி.ஏ. கரைசல் மெதுவானது, ஆனால் காப்பாற்றும். அதைவிட நல்லது, துண்டில் மெத்தென்றிருக்கும் பகுதியை முதலிலேயே பிரித்து, அமிலமே படாமல் தனி பிளாக் (சதையைப் பதித்த மெழுகுக் கட்டி) ஆக்குவது.

குழந்தைகளின் கட்டிகள் பலவும் ஸ்லைடில் ஒரே முகம் காட்டும்: சிறிய, உருண்டையான, நீலச் செல்கள். பெரும்பாலும் எலும்பில் வரும் யூவிங் சார்க்கோமா, தசைக் கட்டி, நியூரோபிளாஸ்டோமா, லிம்போமா என்ற நிணநீர்க் கட்டி எல்லாம் இப்படித்தான். பிரித்தறிய, செல்லின் குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஐ.எச்.சி. சாயங்கள் போடுகிறோம். தசைக்கு டெஸ்மினும் மையோஜெனினும், நரம்புக்கு சினாப்டோபைசினும் ஃபாக்ஸ்2பி-யும், யூவிங்குக்கு சிடி99-உம் என்.கே.எக்ஸ்.2.2-உம். இதில் ஒரு பழைய பள்ளம் உண்டு. லிம்போபிளாஸ்டிக் லிம்போமா சில சமயம் லிம்போமாவின் பொதுச் சாயமான சிடி45-ஐ ஏற்காது. ஆனால் சிடி99-ஐ நன்றாக ஏற்கும். பணம் மிச்சம் என்று இந்த இரண்டை மட்டும் போட்டால் ரிப்போர்ட் ‘யூவிங்’ என்று போகும், குழந்தை முற்றிலும் வேறு நோய்க்கான சிகிச்சை வாங்கும். டி.டி.டி. என்ற சாயத்தை ஒவ்வொரு முறையும் சேர்த்துப் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாயத்துக்கு மேலே மரபணு. யூவிங்கில் 11, 22 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதை, மரபணுவில் ஒளிரும் குறி ஒட்டிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை காட்டும். ஆனால் அது உடைந்த மரபணு ஒன்றைத்தான் காட்டும், யாரோடு இணைந்தது என்று காட்டாது. வயிற்றில் வரும் வேறொரு கட்டியிலும் அதே மரபணு உடையும். ஆகவே ஃபிஷ் பாசிட்டிவ் என்ற ஒரே வரியை வைத்து முடிவெடுக்க முடியாது, ஸ்லைடும் ஸ்கேனும் வயதும் ஒத்துப்போக வேண்டும்.

மூளைக் கட்டியில்தான் மாற்றம் மிகப் பெரிது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் குழு 2018-இல் டி.என்.ஏ.வின் மெத்திலேற்றப் பதிவை, அதாவது அதன்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளை, கைரேகைபோலப் படித்து 82 கட்டி வகைகளைப் பிரித்தது. சோதித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 12 விழுக்காட்டு நோயாளிகளுக்கு நோயின் பெயரே மாறியது. நெதர்லாந்துக் குழு 2023-இல் அறுவை நடக்கும்போதே விடை சொல்ல முயன்றது. 25 அறுவைகளில் 18-இல் ஒன்றரை மணி நேரத்துக்குள் சரியான பெயர் கிடைத்தது, மற்ற 7-இல் கணினி உறுதியாகச் சொல்லவில்லை. தெரியாதபோது தெரியாது என்று சொல்லும் கருவியே நம்பத்தக்கது.

இந்த வசதி சில பெரிய மையங்களில்தான் உண்டு. ஆனால் சாதாரண லேபிலும் செய்யக்கூடியது இருக்கிறது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பின்மூளைக் கட்டியில் பீட்டா கெட்டனின், யாப்1, கேப்1 என்ற மூன்று சாயங்களை வைத்தே நன்றாகக் குணமாகும் டபிள்யு.என்.டி. வகையையும் எஸ்.எச்.எச். வகையையும் பெருமளவு பிரித்துவிடலாம். கைக்குழந்தையின் கையிலோ காலிலோ வரும் ஃபைப்ரோசார்க்கோமா என்ற சிவந்த கட்டி ரத்தக்குழாய் மருபோலத் தோன்றும். பேன்-டிரக் சாயம் ஏற்றால், மரபணுவை உறுதி செய்தபின், மாத்திரையாகவோ சிரப்பாகவோ தரும் லேரோட்ரெக்டினிப் இருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்ற மருந்து அது. காலையே எடுக்க வேண்டும் என்றிருந்த நிலையை அது மாற்றியது.

பெற்றோர் கையில் இருக்க வேண்டியவை: ஸ்கேனின் ஃபிலிம் மட்டும் போதாது, கணினிக் குறுந்தகடாகவும் கேட்டு வாங்குங்கள். ஸ்லைடோடு மெழுகு பிளாக்கையும் கேளுங்கள், அடுத்த மருத்துவமனையில் மீண்டும் ஊசி போடாமல் தப்பலாம். பிளாக்குக்கு ஐஸ் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகும். முதல் நாளிலிருந்து கொடுத்த மருந்துகளின் பட்டியல், குறிப்பாக ஸ்டீராய்டு எந்தத் தேதியில் என்பது. கோப்பின் முதல் பக்கத்தில் இது இருக்கட்டும்.

இன்னொன்று, ஒரு குழந்தைக்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்று தெரிந்தால் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருடைய கண்ணையும் அந்த வாரமே பார்க்க வேண்டும். அம்மா அப்பாவின் கண்ணையும்தான், தானாக நின்றுபோன பழைய தழும்பு இருக்கலாம். அடுத்த குழந்தை பிறக்கும்போது, குடும்பத்தின் மரபணுப் பிழை ஏற்கெனவே தெரிந்திருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தை அனுப்பலாம். பிழை இல்லையென்று வந்தால் அந்தக் குழந்தைக்கு மாதாமாதம் மயக்கம் கொடுத்துப் பார்க்கும் தொல்லை இல்லை. தெரியாவிட்டால், பிறந்த முதல் வாரத்திலேயே கண்பாப்பாவை விரித்து ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்காமல்.